எட்டாவது ஆளாக ஒரு சம்பந்தி

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு கைரொல்லா பலகையில் பெரிதாக எட்டு என்று எழுதினார். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

எதிரே சந்துகாஷ் பௌர்சாக் தின்றுகொண்டிருந்தாள். எண்ணெயில் உப்பிப் பொரிந்த அந்த மாவு உருண்டை, சின்னக் கவலைக்கு அவளுக்கு நாலு வேண்டும். அன்றைக்குத் தட்டே காலியாகிக்கொண்டிருந்தது.

வடக்கு வானத்தில் கரண்டி மாதிரிக் கிடக்கிற ஏழு நட்சத்திரங்களை நாம் முனிவர்கள் என்று கும்பிடுகிறோம். கசாக்குகள் அவர்களைத் திருடர்கள் என்கிறார்கள். யார் பார்த்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அல்மாட்டியில் எடுக்கப்படும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. 'ஏழு கள்வர்' என்று ஒரு விண்கப்பல், அதில் ஏழு பேர், வியாழன் கிரகத்துப் பக்கம் ஓயாத சண்டை. ஆறு வருஷத்தில் இரண்டு பாகம் வந்துவிட்டது. எழுதியது இரண்டே பேர்: தலைமை எழுத்தாளர் கைரொல்லா, அவருக்கு அடுத்த நாற்காலியில் சந்துகாஷ்.

சந்துகாஷுக்கு நாற்பத்தொன்பது வயது. பெற்றது ஒரே பெண், தொல்கனாய். ஆவணியில்தான் கல்யாணமாகி கிசிலோர்தாவுக்குப் போனாள். பெண் போன பிறகு வீட்டில் மிச்சம் இருந்தது பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிற கணவன் செர்ஜானும், அவள் எழுதிய ஏழு பேரும்தான். அந்த ஏழு பேர் மேல் அவளுக்கு உயிர். கப்பலின் மருத்துவர் கௌஹருக்கு இரண்டாம் பாகத்தில் காய்ச்சல் வந்தபோது இவளும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பேர்ப்பட்ட ஏழு பேருக்குத்தான் இப்போது ஆபத்து. தொலைக்காட்சி நிலையத்தின் நிகழ்ச்சித் தலைவர் அமான்கெல்டி, ஆள் அனுப்பாமல் தானே போன் செய்து கைரொல்லாவிடம் சொல்லியிருந்தார். பார்ப்பவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். ஏழு பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்மாறாக எட்டாவதாக ஒரு ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை பத்துப் பக்கம் படித்துக் காட்டவேண்டும். பிடித்தால் மூன்றாம் பாகம். பிடிக்காவிட்டால் மங்களம்.

மத்தியானத்துக்குள் அவர்கள் ஐந்து பேரைப் பெற்று ஐந்து பேரையும் புதைத்தார்கள். ஏழு பேரும் வீரர்கள், ஆகவே எட்டாவது ஆள் கோழை என்றார் கைரொல்லா. பயந்தவன் ஏன் வியாழனுக்குப் போனான் என்று சந்துகாஷ் கேட்டாள். அவன் செத்தான். ஏழு பேரும் நல்லவர்கள், ஆகவே ஒரு துரோகி. துரோகிகள் ஏற்கனவே பாகத்துக்கு இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். ஏழு பேரும் மெத்தப் படித்தவர்கள், ஆகவே ஒரு முட்டாள். அமான்கெல்டி அது தன்னைத்தான் சொல்கிறது என்று நினைத்துக்கொள்வார் என்று கைரொல்லாவே அழித்துவிட்டார். வெள்ளைக்கு எதிர் கறுப்பு, குட்டைக்கு எதிர் நெட்டை என்று தேடினால் ஆள் கிடைக்காது. பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம்தான் கிடைக்கும்.

நாலு மணிக்கு சந்துகாஷ் எழுந்துவிட்டாள். வீட்டில் சம்பந்தி.

இதைவிட மோசமான வாரம் பார்த்து அந்த அம்மாள் வந்திருக்க முடியாது. மாப்பிள்ளையின் தாயார் உல்பிகே ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இரண்டு பெரிய பைகளோடு வந்து இறங்கியிருந்தாள். சந்துகாஷ் வயதுதான். கிசிலோர்தா மாகாணத்தில் டோரெதாம் ஸ்டேஷனில் இருபத்தேழு வருஷம் கேன்டீன் நடத்தியவள். அந்த ஊர்ப் பக்கத்திலிருந்துதான் ராக்கெட்டுகள் கிளம்பும். நாமெல்லாம் ராக்கெட் என்றால் வாயைப் பிளப்போம். அவளுக்கு அது ஜன்னல் கண்ணாடி ஆடுகிற நேரம், அவ்வளவுதான். அலமாரியில் பீங்கானைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

மருமகன் நூறு வருஷம், சம்பந்தி ஆயிரம் வருஷம் என்று அங்கே ஒரு பழமொழி. ஆகவே சந்துகாஷ் கூடத்திலிருந்த சோபாவை அப்புறப்படுத்தி, தாழ்வான மேஜை போட்டு, அதைச் சுற்றிப் புது மெத்தைகளை விரித்து, வாசலைப் பார்த்த உயர்ந்த இடத்தில் சம்பந்தியை உட்கார வைத்திருந்தாள். ஆட்டுத் தலை அவளுக்கு. முதல் கிண்ணம் அவளுக்கு. அவள் பேசினால் செர்ஜான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான். அவள் இருமினால் நிறுத்தினான்.

அன்று சாயங்காலம் தொலைக்காட்சியில் ஏழு கள்வரின் பழைய பகுதி ஒன்று ஓடியது. சம்பந்தி எழுதிய தொடர் என்று உல்பிகே மரியாதையாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கப்பல் தலைவன் ஏலமான் எரிகிற இயந்திர அறைக்குள் தனியாகப் போகிறான். இசை உச்சத்துக்குப் போனது. உல்பிகே பல் குத்திக்கொண்டே கேட்டாள்.

"இந்தத் தம்பி யாரு வீட்டுப் பிள்ளை?"

சந்துகாஷ் விழித்தாள். ஏலமான் கப்பல் தலைவன் என்றாள்.

"அது தெரியுது. அப்பன் ஆத்தா யாரு? ஏழு பேரும் இவ்வளவு தூரம் வந்திருக்காங்களே, வழியனுப்ப ஒரு நாதியும் வரலையா? போன் பண்ணி சாப்டியான்னு கேக்கக்கூட ஆள் இல்லையா?"

எந்த ஊரில் எந்த இரண்டு கசாக்குகள் சந்தித்தாலும் முதல் கேள்வி நீ யார் பிள்ளை என்பதுதான். ஏழு தலைமுறைப் பாட்டன் பெயர் தெரியாதவனுக்கு அங்கே பெண் கொடுக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஆறு வருஷமாக, இரண்டு கசாக்குகள் ஏழு அநாதைகளை எழுதியிருக்கிறார்கள். காரணம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. உறவுக்காரர்கள் வந்தால் சண்டைக் காட்சிக்கு நேரம் போதாது.

சந்துகாஷுக்குப் பொறி தட்டியது. ஏழு பேருக்கும் எதிர் கோழையும் இல்லை, துரோகியும் இல்லை. உறவு உள்ள ஆள். ஒரு உறவுக்காரர் கப்பலில் ஏறவேண்டும். அதுவும் யாராலும் போ என்று சொல்லமுடியாத உறவாக இருக்கவேண்டும். கண் எங்கோ இருந்தது, கை தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தது. ஊற்றி, ஊற்றி, கிண்ணம் விளிம்பு வரை நிறைந்து தளும்பியது.

செர்ஜான் முகம் வெளுத்துவிட்டது. அந்த நாட்டில் விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றவேண்டும். அரை அரையாக ஊற்றினால் இன்னும் இருங்கள், பேசலாம் என்று அர்த்தம். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். சம்பந்திக்கு, வந்த மறுநாளே, விளிம்பு வரை.

உல்பிகே கிண்ணத்தைப் பார்த்தாள். சந்துகாஷைப் பார்த்தாள். முழுக் கிண்ணத்தையும் குடித்து வைத்தாள். சந்துகாஷ் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவள், படுக்கப் போகும் வரை நிறுத்தவே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவள் சொன்னதைக் கேட்டு கைரொல்லா துள்ளி எழுந்தார். கதை அரை மணியில் உருவாகிவிட்டது. கப்பல் தலைவன் ஏலமானுக்கு பூமியில் ஒரு மகள் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவன் வியாழனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அப்பன் வரவில்லை. சம்பந்திகள் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டு ஈரலும் வால் கொழுப்பும் சாப்பிட்டால்தான் உறவு முழுசாகும்; அது நடக்கவே இல்லை. அப்படியானால் என்ன, மாப்பிள்ளையின் தாயார் சாமான் கொண்டுவரும் கப்பலில் ஏறி, ஈரலையும் கொழுப்பையும் பனிக்கட்டியில் வைத்து, வியாழனுக்கே வந்துவிடுகிறாள்.

"இவளைத் திருப்பி அனுப்ப எவனுக்குத் தைரியம் இருக்கு?" என்றார் கைரொல்லா. "எதிரிக் கப்பலைச் சுடலாம். சம்பந்தியை என்ன பண்ணுவே? எழுது தங்கச்சி, எழுது."

சந்துகாஷ் எழுதினாள். செவ்வாய் முழுக்க எழுதினாள், புதன் காலையும் எழுதினாள். நடுநடுவே வீட்டுக்கு ஓடிவந்து சம்பந்திக்கு மாமிசம் வேகவைத்தாள், அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாக, அளவு பிசகாமல் தேநீர் ஊற்றினாள். உல்பிகே ஒவ்வொரு கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டாள். நாளுக்கு நாள் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அந்த முழுக் கிண்ணம்தான் உள்ளே கிடந்து உறுத்துகிறது என்று சந்துகாஷ் நினைத்தாள். கிசிலோர்தாவில் தன் மகள் தலையில் இது விடியுமோ என்று வேறு பயம்.

புதன்கிழமை மத்தியானம் கைரொல்லா பக்கங்களைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் மீசை தொங்கிப்போனது.

"யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"இது ஆளே இல்ல தங்கச்சி. கல்யாணத்துல எழுந்து நின்னு படிக்கிற வாழ்த்து. இந்தம்மா வர்றா, சிரிக்கிறா, எல்லாருக்கும் நல்லது சொல்றா, குணத்துல குன்றுங்கிறே. மூணு நிமிஷத்துல அமான்கெல்டி தூங்கிடுவான். எழுந்ததும் நம்மைத் தூக்கிடுவான். இவகிட்ட ஒரு குத்தம் எழுது. ஒண்ணே ஒண்ணு."

அவள் அங்கேயே உட்கார்ந்து முயன்றாள். 'சம்பந்தி குறட்டை விடுகிறாள்' என்று எழுதினாள். அடித்தாள். 'சம்பந்தி லேசாகக் குறட்டை விடுகிறாள்' என்று எழுதினாள். பிறகு அதையும் அடித்து, 'சம்பந்தியின் மூச்சு இனிய ஓசையோடு வந்தது' என்று மாற்றினாள். கைரொல்லா தலையில் அடித்துக்கொண்டார். ஆறு வருஷமாக எதிரிகளை ஈவிரக்கமில்லாமல் எழுதியவள்தான். சம்பந்தியைப் பற்றிக் குறை சொல்ல அவள் கைக்கே பழக்கமில்லை. ஆயிரம் வருஷத்து உறவு பேனாவைப் பிடித்துக்கொண்டது.

இனி ஒரே நாள்தான் இருந்தது. அந்த ஏழு பேர் சாகப் போகிறார்கள், கொன்றது தன் பயந்த கைதான் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை அவள் வீட்டிலேயே எழுத உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. பத்து மணிக்குக் கடைக்குப் போய் மாவும் வெங்காயமும் வாங்கிவந்தாள். திரும்பியபோது, பக்கங்கள் சமையலறை மேஜையில் இல்லை. உல்பிகே கூடத்தில் தன் உயர்ந்த இடத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

சந்துகாஷுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வெங்காயப் பையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"யாரு இது?" என்று உல்பிகே கேட்டாள்.

"சும்மா ஒரு கற்பனை, சம்பந்தியம்மா."

"ஸ்டேஷன் கேன்டீன்ல இருபத்தேழு வருஷம்னு போட்டிருக்கு. ரெண்டு பைன்னு போட்டிருக்கு. நான்தானே?"

சந்துகாஷ் தலையை ஆட்டினாள். வேறு வழி இல்லை.

"நானா இது?" உல்பிகே பக்கங்களை மேஜையில் வைத்தாள். "இவ வாயைத் தொறந்தா தேன் வழியுது. நின்னா அழகு, உக்காந்தா அழகு. மூச்சு விடுறதுகூடப் பாட்டா இருக்கு. நான் குறட்டை விட்டா பக்கத்து வீட்டு நாய் குலைக்கும். என் வீட்டுக்காரர் அதுக்காகவே முற்றத்துல படுக்கறார். இந்தப் பொம்பளைகூட நான் ஒரு ஸ்டேஷன் தூரம் ரயில்ல போகமாட்டேன்."

சந்துகாஷ் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். உல்பிகே கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"போதும். நாலு நாளா அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன். அன்னிக்கு நீங்க டீயை விளிம்பு வரைக்கும் ஊத்தினப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அப்பாடா, இந்த வீட்டுல நம்மகிட்டயும் தப்புப் பண்றாங்க, இனிமே கிண்டல் பண்ணலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க அழுதுட்டீங்க." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாலு நாளா இந்த மெத்தையில உக்காந்திருக்கேன். ஒருத்தராவது என் அங்கியோட ஓரத்தைப் பிடிச்சு மெத்தையோட தைச்சீங்களா? எங்களைச் சம்பந்தின்னு ஏத்துக்கவே இல்லையோன்னு இருக்கு எனக்கு."

சந்துகாஷ் வெங்காயப் பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. அவள் அந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டிருக்கிறாள். அல்மாட்டியில் ஆறாம் மாடியில் யார் அதைச் செய்கிறார்கள்? சம்பந்திகள் வந்து தங்கினால், வீட்டுப் பெண்கள் அவர்கள் அசந்திருக்கும்போது ஊசி நூலோடு போய், உடுப்பின் ஓரத்தை மெத்தையோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். எழுந்தால் மெத்தையும் கூட வரும். வீடே சிரிக்கும். ஆட்டுத் தலை கொடுப்பது பாதி மரியாதை, தைப்பது மீதிப் பாதி. சந்துகாஷ் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மனுஷியை நாலு நாளாக விருந்தாளியாகவே உட்கார வைத்திருந்தாள். தன் பேச்சில் தவறு வரக்கூடாது என்ற கவனத்தில், எதிரே இருந்தவள் தனிமையில் கிடந்ததைப் பார்க்கவே இல்லை. அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உல்பிகே கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். மெத்தையில் ஒருக்களித்துச் சாய்ந்தாள். வெல்வெட் அங்கியின் ஓரத்தை, யாருக்கோ வசதியாக, நன்றாக விரித்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நிமிஷத்தில் குறட்டை வந்தது. அது நிஜக் குறட்டை இல்லை. கேன்டீன்காரிக்கு நடிப்பு வரவில்லை.

சந்துகாஷ் பெரிய ஊசியைத் தேடினாள். பெல்ட் தைக்கிற தடிமனான நூலைக் கோத்தாள். மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருபது தையல் போட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்த செர்ஜான் வாசலிலேயே நின்று இதைப் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் நடைக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து வீட்டு போனுக்கே கூப்பிட்டான்.

போன் மணி அடித்தது. உல்பிகே எழுந்தாள். மெத்தை எழுந்தது. மெத்தையின் மூலை மேஜைத் துணியை இழுத்தது, துணி சர்க்கரைக் கிண்ணத்தை இழுத்தது. அந்த அம்மாள் ஒரு பெரிய வால் வைத்த ஆமை மாதிரி நடுக் கூடத்தில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சந்துகாஷ் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். உல்பிகே சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "தையலைப் பாரு, கோணல்மாணல். உன் பொண்ணும் இப்படித்தான் தைக்கிறா" என்பதுதான். நீங்கள் போய் நீ வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்த கதைதான். இரண்டு பெண்களும் மாவு பிசைந்துகொண்டே ஒருவரையொருவர் கிழித்தார்கள். உன் வீட்டுச் சூப்பில் உப்பு இல்லை, உப்பு எனக்கு ஆகாது என்று பொய் சொல்லி மரியாதைக்குச் சாப்பிட்டேன் என்றாள் உல்பிகே. உன் பை இரண்டில் ஒன்றில் உன் சொந்தத் தலையணையைக் கொண்டுவந்திருக்கிறாய், என் தலையணை என்ன பாவம் செய்தது என்றாள் சந்துகாஷ். நடுநடுவே கை கழுவாமல் ஓடிப்போய் சந்துகாஷ் எழுதினாள். மாவு ஒட்டிய பக்கங்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்து ஆகியிருந்தன. ஒரு இடத்தில் எழுதியதைப் படித்துக் காட்டியபோது, இன்னும் கொஞ்சம் மோசமாகப் போடு என்று உல்பிகே கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அமான்கெல்டி சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். தேநீர் வேண்டாம் என்றார். மேஜை மேல் ஒரு உறையை வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். கைரொல்லா அந்த உறையைப் பார்த்துவிட்டு, பக்கங்களை இன்னொரு தடவை அடுக்கினார். நல்ல சேதி இல்லை என்று பார்த்தவுடனே தெரிகிற உறை அது.

கைரொல்லா ஏழு பேருக்கும் குரல் கொடுத்தார். சந்துகாஷ் எட்டாவது ஆளைப் படித்தாள்.

சாமான் கப்பலின் கதவு திறக்கிறது. இரண்டு பைகளோடு ஒரு அம்மாள் மிதந்து வருகிறாள். "உன் பொண்ணை எங்க வீட்டுல கட்டிக் குடுத்து எட்டு மாசம் ஆச்சு. நீ வரலை. கேட்டா வியாழன் தூரம்ங்கறாங்க. சரி, அதையும் பாத்துடுவோம்னு நானே வந்துட்டேன்" என்கிறாள். கப்பலில் வாசலைப் பார்த்த இருக்கை தலைவன் இருக்கை. அவள் அதில் உட்காருகிறாள். பகைவரின் படைக்கு முன் கண் இமைக்காத ஏலமான் தன் நாற்காலியைக் கேட்க வாய் வராமல் மூன்று நாள் கப்பலை நடைபாதையில் நின்று ஓட்டுகிறான். அவள் எல்லோர் சூப்பிலும் உப்பு அள்ளிப் போடுகிறாள். அவள் குறட்டையைக் கேட்டு காவல் வீரன் தாக்குதல் என்று அபாய மணி அடிக்கிறான். கப்பலில் தெமிர் என்று ஒரு இயந்திர மனிதன் உண்டு. அவனிடமும் அவள் ஏழு தலைமுறைப் பாட்டன் பெயரைக் கேட்கிறாள். அவன் தனக்கு முந்தைய ஏழு இயந்திர மாதிரிகளின் எண்களை வரிசையாக ஒப்பிக்கிறான். அவள் யோசித்துவிட்டு, நல்ல வம்சம்தான் என்கிறாள்.

அமான்கெல்டி சிரிக்கவில்லை. ஆனால் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

பிறகு கப்பலில் எல்லோரும் அவளிடம் மரியாதையாக இருக்கிறார்கள். வந்தால் எழுந்து நிற்கிறார்கள், கேட்டால் ஆமாம் என்கிறார்கள். ஒருவரும் அவளோடு சண்டை போடவில்லை. அவள் பேச்சு குறைகிறது. ஒரு நாள் ஜன்னலோரம் போய், பூமி இருக்கும் பக்கம் பார்த்தபடி சும்மா மிதக்கிறாள். தூங்குகிறாள். மருத்துவர் கௌஹர் அவளைப் பார்க்கிறாள். ஏழு பேரிலும் அதிகம் பேசாதவள் அவள்தான். காயம் தைக்கிற நூலை எடுத்துவந்து, அந்த அம்மாளை மெதுவாக நாற்காலிக்கு இழுத்து, அங்கியின் ஓரத்தை இருக்கையோடு சேர்த்துத் தைக்கிறாள். தைக்கும்போது, யாருக்கும் கேட்காமல், தன் தாயின் பெயரைச் சொல்கிறாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

அந்த வரியைச் சந்துகாஷ் காலையில்தான் சேர்த்திருந்தாள்.

விடிந்ததும் அந்த அம்மாள் எழுகிறாள்; எழ முடியவில்லை. இருக்கையோடு சேர்த்து ஆடுகிறாள். குனிந்து பார்க்கிறாள். கப்பல் அதிரச் சிரிக்கிறாள். "யாருடி தைச்சது, கோணல்மாணலா இருக்கு" என்று கேட்டுவிட்டு, "ஏலமான், அந்த ஈரலையும் கொழுப்பையும் எடுத்துக்கிட்டு வா" என்கிறாள். ஏழு பேரும் அவளைச் சுற்றிச் சாப்பிட உட்காருகிறார்கள்.

பத்தாம் பக்கம் முடிந்தது. அமான்கெல்டியின் கோட்டு எப்போது நாற்காலி முதுகுக்குப் போனது என்று யாரும் கவனிக்கவில்லை. அவர் உறையை எடுத்தார். உள்ளே இருந்த காகிதத்தை விரித்து அவர்கள் முன்னால் வைத்தார். தொடரை நிறுத்துகிற கடிதம். கீழே அவர் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

"இதைக் குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்," என்றார். "படிக்கிறதை மரியாதைக்குக் கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

சந்துகாஷ் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு பேரின் முகமும் அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது.

"இப்ப இதை எப்படிக் குடுக்கிறது?" அமான்கெல்டி எரிச்சலாகத்தான் கேட்டார். "ஏழு பேர் மட்டும் இருந்தா கதவைச் சாத்திட்டுப் போயிடலாம். உள்ளே சம்பந்தியை உக்கார வச்சிருக்கீங்களே. அந்தம்மா சாப்பிட உக்காந்திருக்கறப்ப எந்த மனுஷன் விளக்கை அணைப்பான்? ஊர்ல எனக்கு முகம் வேண்டாமா?"

கடிதத்தை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தேநீர் இருந்தால் கொடுங்கள் என்றார். சந்துகாஷுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன; ஊற்றுகிறேன் என்று எழுந்தவள் கெண்டியை மறந்து வெறும் கிண்ணத்தை நீட்டினாள்.

கைரொல்லா காரியத்தில் கண்ணானவர். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மூன்றாம் பாகம் எத்தனை வாரம் என்று வைத்துக்கொள்ளலாம், பத்தா, பன்னிரண்டா, சொன்னால் அதற்குத் தக்கபடி எழுதுவோம் என்று பணிவாகக் கேட்டார்.

அமான்கெல்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்யா, வீட்டுக்கு வந்த சம்பந்திகிட்ட எப்ப கிளம்புறீங்கன்னு நீ கேப்பியா?"